சின்ன வெங்காய வேர்நுனியில் செல் பிரிதல்: ஸ்லைடு போட்டுப் பார்த்த பதிவு

பதினோராம் வகுப்பில் செல் பிரிதல் பாடம் வந்தால் பிள்ளைகள் நான்கு கட்டம் கட்டி நான்கு படம் வரைந்துவிடுவார்கள். புரோநிலை, மெட்டாநிலை, அனாநிலை, டீலோநிலை. பாகங்களைச் சரியாகக் குறித்திருப்பார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் "இந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல என்ன நடக்குது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். செல் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குத் தாவுகிறது என்றே அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் அங்கே கட்டமும் இல்லை, கோடும் இல்லை. நிற்காமல் ஓடும் ஒரே வேலை அது. பேச வசதியாக இருக்கட்டும் என்று நாம்தான் நடுநடுவே பெயர் வைத்திருக்கிறோம். இதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இந்த வருடம் வேர்நுனி ஸ்லைடு வேலையை ஒரு பீரியடுக்குள் அடைக்காமல் ஆற அமரச் செய்தோம். செய்த விதத்தையும் பார்த்ததையும் எழுதி வைக்கிறேன். வேறு பள்ளிகளில் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

செய்முறைப் புத்தகங்களில் பெரும்பாலும் பெரிய வெங்காயம்தான் இருக்கும். நாங்கள் எடுத்தது சின்ன வெங்காயம். பொங்கலூர், பல்லடம், குண்டடம் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. வகுப்பில் பல பேர் வீட்டுத் தோட்டத்தில் வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறை போட்டிருப்பார்கள். பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் ஒரே இனம்தான், இரண்டிலும் செல்லுக்கு 16 குரோமோசோம், அதாவது டிஎன்ஏ நூலைத் தாங்கும் 16 துண்டு. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் நல்ல நீளம், நல்ல பருமன். செல் பிரிதலைப் பார்க்க உலகம் முழுக்க வெங்காயத்தைத் தேடிப் போவது இதனால்தான்.

அப்போதுதான் பறித்த வெங்காயம் உறக்கத்தில் இருக்கும், வேர்விட மனசு வைக்காது. பட்டறையில் சில மாதம் கிடந்த விதை வெங்காயம்தான் தோது. அடிப்பக்கத்தில் காய்ந்து கிடக்கும் பழைய வேர்களை பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும், அடித்தட்டைக் காயப்படுத்தக் கூடாது. புதுவேர் அங்கிருந்துதான் கிளம்பும். டம்ளர் வாயில் பெரிய வெங்காயம் நிற்கும், சின்ன வெங்காயம் உள்ளே விழுந்துவிடும். ஆகவே தெர்மாகோல் பலகையில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு வெங்காயம் செருகி, அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்க விட்டோம். அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொட்டால் போதும். வெங்காயம் முழுக்க நனைந்தால் அழுகல் வாடை வந்துவிடும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணியில் உப்பு அதிகம். அதில் வைத்த வெங்காயங்களில் வேர் கட்டையாக, நுனி பழுப்பாக வந்தது. ஆத்துத் தண்ணி வரும் நாளில் பிடித்து வைத்து ஊற்றியதும் வேர் வெள்ளை வெளேரென்று இறங்கியது. சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தட்டுத் தண்ணீரே சூடாகிப் போகும். புரட்டாசி, ஐப்பசி நல்ல காலம்.

வேர் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் வெட்டலாம். அதற்கு மேல் நீளவிட்டால் பிரிகிற வேகம் குறைந்துவிடும். காலையில் வெட்டுவது வழக்கம், நாங்களும் பிரேயருக்கு முன்னால் வெட்டினோம். வெட்டிய நொடியில் வேரை நிலைநிறுத்தும் கரைசலில் போட்டுவிட வேண்டும். மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்தது அது. அன்றன்றைக்குக் கலந்துகொள்வது நல்லது. வேரைவிடப் பல மடங்கு கரைசல் இருக்க வேண்டும்.

இந்தக் கரைசல் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் மொத்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வேர்நுனியில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஒன்று தொடங்கியிருக்கும், ஒன்று பாதியில் இருக்கும், ஒன்று முடித்திருக்கும். கரைசல் உள்ளே நுழைந்ததும் எல்லாம் அந்தந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். ஆகவே ஸ்லைடில் எந்தச் செல்லும் நகராது. ஓட்டம் முழுவதையும், வேறுவேறு செல்களில் நின்றுபோன நொடிகளை வரிசைப்படுத்தித்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும். வால்தெர் பிளெமிங் என்ற ஜெர்மானியர் சாலமாண்டர் குஞ்சுகளின் திசுக்களில் சாயமேற்றிப் பார்த்து, 1882இல் மைட்டாசிஸ் என்னும் இந்தச் செல் பிரிதல் பற்றி நூல் எழுதியது பெரும்பாலும் இந்த வழியில்தான். எது முன், எது பின் என்று அவருக்கு யாரும் எண் போட்டுக் கொடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் நான் போட்டுக் கொடுக்கவில்லை.

கரைசலில் 24 மணி நேரம். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டால் பல வாரங்களுக்குக் கெடாது, பீரியட் கிடைக்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது அமிலம். பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின். அதைக் கரைத்தால்தான் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஒரே அடுக்காகப் பரவும். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி சூட்டில், ஐந்து முதல் பத்து நிமிடம். அடர் அமிலம் 8.3 மில்லியைத் தண்ணீரில் விட்டு மொத்தம் 100 மில்லியாக்கினால் அந்த அளவு வரும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. இந்தக் கலவையை நானே செய்தேன், பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. சூட்டுக்குத் தனிக் கருவி எங்களிடம் இல்லை. அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, உள்ளே தெர்மாமீட்டர் வைத்து, சூடு இறங்க இறங்கக் கொஞ்சம் கொதிநீர் சேர்த்துக்கொண்டே அமிலக் குழாயை அதில் நிறுத்தினோம். தொட்டால் வேர் குழைய வேண்டும், ஆனால் ஊசியில் எடுக்கும்போது உடையக் கூடாது. அந்தப் பதத்தில் எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும்.

சாயம் அசிட்டோகார்மைன். 45 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் ஒரு கிராம் கார்மைன் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டியது. கார்மைன் சிவப்பு ஒரு பூச்சியிலிருந்து வருகிறது என்றதும் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். எங்கள் காட்டு வேலி ஓரத்துச் சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சாக ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் விரல் சிவக்கும், அதை எல்லோருமே சின்ன வயதில் செய்திருக்கிறார்கள். சாயத்துக்கு எடுப்பது மெக்சிகோ, பெரு பக்கத்து வேறு இனம். நம் ஊர்ப் பூச்சி அதற்கு நெருங்கிய உறவு. பரவிக்கிடந்த கள்ளியை அழிப்பதற்காக 1926இல் இலங்கை வழியாக இங்கே கொண்டுவந்து விட்டது. அன்றைக்கு அரை மணி நேரம் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

வாட்ச் கிளாஸில் சாயம் விட்டு வேர்நுனியைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாக வெதுவெதுப்பாக்க வேண்டும். கொதித்தால் கெட்டது. துருப்பிடித்த இரும்பு ஊசியால் சாயத்துக்குள் ஒரு கிளறு கிளறினால் நிறம் இன்னும் ஆழமாகப் பிடிக்கும், இரும்பு அதற்கு உதவுகிறது. கொஞ்ச நேரத்தில் நுனியின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கருஞ்சிவப்பாகும், மேலே வெளிறியே இருக்கும். எங்கே செல்கள் சின்னதாக, நெருக்கமாக, உட்கரு நிறைந்து இருக்கின்றனவோ அங்கே சாயம் அடர்த்தி. நமக்கு வேண்டிய இடத்தைச் சாயமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நசுக்குவதில்தான் கைப்பழக்கம் வேண்டும். அந்தக் கருஞ்சிவப்பு நுனியை மட்டும் பிளேடால் நறுக்கி ஸ்லைடில் வைத்து, 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். மேலே மடித்த பிளாட்டிங் பேப்பர். முதலில் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் மெல்லத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட அந்தப் புள்ளி மேகமாகக் கலைந்து பரவுவது வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு கட்டைவிரலை நேர் கீழாக வைத்து நன்றாக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு திரண்டு போய்விடும். அழுத்தத்துக்குப் பயந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கும். "ஒடஞ்சுடுமுங்க டீச்சர்" என்று கையைப் பின்னால் இழுத்த பையனிடம், "ஒடஞ்சா இன்னொண்ணு இருக்குது சாமி, நேரா அமுக்கு" என்றேன். அவன் போட்ட ஸ்லைடுதான் வகுப்பிலேயே தெளிவானது. வீட்டில் தறி ஓட்டுகிறவர்களாம், விரலில் நிதானம் இருந்தது.

எங்கள் மைக்ரோஸ்கோப் கண்ணாடி வைத்த பழைய மாணவர் வகை. கண்வில்லை 10, பொருள்வில்லை 10, 45. ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தோம். முதலில் 100 மடங்கில் ஸ்லைடு முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். நீள நீளமான செல்கள் தெரிந்தால் அது மேல்பகுதி, அங்கே பிரிதல் முடிந்து வளர்தல் நடக்கிறது. சதுரமாக, நெருக்கமாக, பெரிய சிவந்த உட்கருவோடு இருக்கும் செல்கள் வந்ததும் நிறுத்தி 450 மடங்குக்கு மாற்றலாம். போனை கண்வில்லையில் ஒட்டிப் பிடித்து எடுத்த படங்களை எல்லோருமாகப் பார்த்தோம்.

இனி பார்த்தவை.

கண்ணில் அதிகம் படுவது எதுவும் நடக்காததாகத் தோன்றும் செல்தான். உருண்டையான உட்கரு, உள்ளே நியூக்ளியோலஸ் என்னும் சின்ன உருண்டை ஒன்றிரண்டு, மற்றபடி சிவப்புத் தூசி. பிள்ளைகள் இதை வேகமாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்ப்பார்கள். நான் இங்கேதான் அதிக நேரம் நிறுத்தினேன். இடைக்கால நிலை என்று பாடத்தில் ஒரு பத்தியில் முடித்துவிடும் இந்தச் செல்லில்தான் மிகப் பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. இருக்கிற டிஎன்ஏ முழுவதும் ஒருமுறை படியெடுக்கப்படுகிறது. வெங்காயத்தின் டிஎன்ஏ மனிதனுடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரே ஒரு செல்லின் உட்கருவுக்குள் இருப்பதை நீட்டிப் பிடித்தால் பத்து மீட்டர் வரும். படியெடுத்து முடிந்ததும் அது இருபதாகிறது. பிரிவதற்கு முன்பே இரட்டிப்பு முடிந்துவிடுகிறது என்பது மனதில் நின்றுவிட்டால், பின்னால் வருகிற எண்ணிக்கைக் குழப்பம் பாதி தீரும்.

அடுத்து, தூசி மெல்ல நூலாகத் தெரியத் தொடங்கும் செல்கள். இதுதான் புரோநிலை. ஏன் சுருள வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். "கலஞ்சு கெடக்கிற நூலை அப்படியே தூக்கிட்டுப் போக முடியுமா அம்மணி?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் அப்பா திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் இருக்கிறார். "கோன் சுத்துனாத்தான் முடியும் டீச்சர், இல்லைன்னா சிக்கிக்கும், அறுந்துரும்" என்றாள். அதேதான். பத்து மீட்டர் நூல் பதினாறு துண்டாக இருக்கிறது, ஒவ்வொன்றும் சராசரியாக அறுபது, எழுபது சென்டிமீட்டர். படியெடுத்ததால் ஒவ்வொன்றும் இரட்டை. இதைச் சிக்காமல், அறாமல் இரண்டு பக்கமும் சமமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால், சுற்றிச் சுற்றி மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நீளத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். புரோநிலையில் நடப்பது அந்தச் சுற்றல்தான். தொடக்கப் புரோநிலைச் செல்லையும் முடியப்போகும் புரோநிலைச் செல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூல் தடிப்பதும், நியூக்ளியோலஸ் மங்கிக் காணாமல் போவதும் தெரியும். "இது இடைக்காலமா, புரோநிலையா?" என்று இரண்டு பேர் சண்டை போட்ட செல்கள் நிறைய. அந்தச் சண்டை நடக்க வேண்டும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கோடு போட முடியாத இடத்தில் கோடு போட முயலும்போதுதான் அது தொடர்ச்சி என்பது புரிகிறது.

உட்கரு உறை கலைந்ததும் குரோமோசோம்கள் நடுவுக்கு வருகின்றன. இரண்டு முனைகளிலிருந்தும் குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் நீண்டு, ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியரிலும், அதாவது இடுங்கிய இடுப்பிலும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. நடுக்கோட்டில் எல்லாம் அணிவகுத்து நின்றால் மெட்டாநிலை. கார்மைனில் கதிர்கோல் இழை தெரியாது, குரோமோசோம் மட்டும்தான் தெரியும். இதைச் சொல்லாவிட்டால் புத்தகப் படத்தில் இருக்கும் கோடுகளைத் தேடிப் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். பக்கவாட்டில் பார்க்கும் செல்லில் குறுக்கே ஒரு தடித்த பட்டை தெரியும், முனையிலிருந்து பார்க்கும் செல்லில் வட்டமாகத் தெரியும். ஒரே நிலையின் இரண்டு தோற்றம். நன்றாக நசுங்கிய ஒரு செல்லில் பதினாறையும் எண்ண முடிந்தபோது ஆய்வறையில் ஒரே ஆரவாரம், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

நடுவில் நிற்பது சும்மா நிற்பது கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் இழு விசை இருக்கிறது. ஒரு குரோமோசோமில் ஒரு பக்கம் இழை பிடிக்காவிட்டாலும் செல் பிரிய அனுமதி கிடைக்காது, கடைசி குரோமோசோமும் சரியாகப் பிடிபடும்வரை காத்திருக்கும். எல்லாம் சரியானதும், இரட்டைகளை ஒட்டி வைத்திருக்கும் புரதம் ஒரே நேரத்தில் அறுபடுகிறது. உடனே பிரிந்து இரண்டு பக்கமும் நகரத் தொடங்குகின்றன. அனாநிலை. சென்ட்ரோமியர் முன்னே போக, கைகள் பின்னால் இழுபட, ‘வி’ வடிவில் தெரியும். எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கூர்முனையை வைத்தே சொல்லிவிடலாம். இங்கேதான் கணக்குக் கேள்வி: மெட்டாநிலையில் 16 குரோமோசோம், ஒவ்வொன்றும் இரட்டை. இரட்டையில் ஒரு பாதிக்குப் பெயர் குரோமாட்டிட், ஆக 32 குரோமாட்டிட். அனாநிலையில்? இரட்டை பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம் ஆகிறது, எனவே செல்லுக்குள் 32, பக்கத்துக்கு 16. புத்தகத்தில் படித்துத் தடுமாறியவர்கள் ஸ்லைடில் இரண்டு கொத்தையும் பார்த்ததும் தயக்கமில்லாமல் சொன்னார்கள்.

டீலோநிலையில் சுற்றல் அவிழ்கிறது, உறை திரும்பக் கட்டப்படுகிறது, நியூக்ளியோலஸ் திரும்பி வருகிறது. இரண்டு சின்ன உட்கருக்களுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று, செல்லின் மையத்தில் தொடங்கி ஓரம் நோக்கி வளரும். அது செல் தட்டு. விலங்குச் செல் வெளியிலிருந்து உள்ளே இடுங்கிப் பிரியும். தாவரச் செல்லுக்குச் சுவர் இருப்பதால் அப்படி இடுங்க முடியாது, ஆகவே உள்ளிருந்து வெளியே சுவர் எழுப்புகிறது. அந்தத் தட்டிலிருந்து இரண்டு செல்லுக்கும் நடுவே பெக்டின் அடுக்கு உருவாகிறது. காலையில் நாங்கள் அமிலத்தில் கரைத்தது இதே பெக்டினைத்தான். இதைச் சொன்னதும் பின் பெஞ்சில் ஒருவன், "அப்ப நாம பிரிச்சு வெச்ச ஒவ்வொரு செல்லும் ஒருகாலத்துல பக்கத்துச் செல்லோட ஒண்ணா இருந்துதுங்களா?" என்றான். ஆமாம். அந்த வேர் முழுக்க அப்படித்தான்.

அப்புறம் எண்ணிக்கை. ஆளுக்கொரு பார்வைப் பரப்பு எடுத்து, அதில் தெரியும் செல்களை நிலைவாரியாக எண்ணிக் கரும்பலகையில் கூட்டினோம். பத்தில் ஒன்பது பங்கு இடைக்கால நிலை. மிச்சத்தில் புரோநிலைதான் அதிகம், அனாநிலை மிகக் குறைவு. சில பிள்ளைகளுக்கு அது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எந்த நிலை அதிக நேரம் நீடிக்கிறதோ அதில்தான் அதிகச் செல்கள் பிடிபடும். வேர்நுனிச் செல் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பிரிதல் மொத்தமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, அனாநிலை சில நிமிடங்கள்தான். கடிகாரம் இல்லாமல், செத்துப்போன செல்களை எண்ணி நேரத்தைக் கணக்கிட முடிகிறது. எனக்கு இந்தச் செய்முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நேரம் இல்லாவிட்டால் வேறு எதையாவது குறைத்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எங்கள் மண்ணோடு சேர்ந்தது. தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கம்பி, வலை கட்டிப் படரவிட்ட கண்வலிக் கிழங்குத் தோட்டங்களைப் பார்க்கலாம். செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். காலையில் ஆட்கள் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். விற்பது விதையைத்தான். மருந்துக் கம்பெனிகள் அதை வாங்குவது உள்ளே இருக்கும் கோல்ச்சிசினுக்காக. கௌட் என்னும் மூட்டுவாதத்துக்கு அது மருந்து. செல்லுக்குள் அது செய்வது, கதிர்கோல் இழையைக் கட்டும் ட்யூபுலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இழை உருவாகவிடாமல் தடுப்பது. குரோமோசோம்கள் சுருண்டு தயாராக இருக்கும், இழுக்க ஆள் வராது. செல் மெட்டாநிலை தாண்டாமல் நின்றுவிடும்.

1938இல் சுவீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரைக் கோல்ச்சிசினில் வைத்து, பிரிதல் எப்படி நின்றுபோகிறது என்று விளக்கமாக எழுதினார். பிரியாமலே இரட்டிப்பதால் 32 குரோமோசோமோடு செல்கள் உருவாவதையும் காட்டினார். பல வருடம் கழித்து அதே லெவானும் ஜோ ஹின் ட்ஜியோவும் லுண்ட் நகரத்தில் மனிதச் செல்லைக் கோல்ச்சிசினில் வைத்து, குரோமோசோம்கள் நன்றாக விலகும்படி நசுக்கி எண்ணினார்கள். 46 வந்தது. அதுவரை 48 என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1956இல் வெளியான அந்தக் கணக்கின் பின்னால் வெங்காய வேரில் பழகிய கை இருக்கிறது. மூலனூரிலிருந்து வரும் ஒரு மாணவி, "எங்க தோட்டத்து விதையிலயா டீச்சர் அது இருக்குது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதே பொருள்தான், அவர்கள் எடுத்தது வேறு செடியிலிருந்து.

ஆனால் கண்வலி விதையை நாங்கள் தொடவில்லை, யாரும் பள்ளியில் தொடவும் வேண்டாம். கிழங்கும் விதையும் உயிர் போகும் விஷம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை அரைப்பது, ஊறவைப்பது எதுவும் கூடாது. அதற்குப் பதிலாகக் குளிரைப் பயன்படுத்தினோம். வெட்டுவதற்கு முந்தைய நாள் சில வெங்காயங்களை வேரோடு ஐஸ் தண்ணீரில், பிளாஸ்கில் வைத்தோம். கதிர்கோல் இழையின் நுண்குழல்கள் கடுங்குளிரில் கலையும் தன்மை கொண்டவை. அந்த வேரில் போட்ட ஸ்லைடுகளில் குரோமோசோம்கள் இன்னும் கட்டையாக, விலகலாக இருந்தன, எண்ணுவது சுலபமானது. கோல்ச்சிசின் அளவுக்குத் தீர்க்கமாக இராது, பள்ளிக்கு இது போதும்.

பெற்றோர் கூட்டத்தன்று ஸ்லைடுகளை வெளியே வைத்திருந்தோம். ஒரு மாணவனின் ஆத்தா வந்து கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், ஒரு வெங்காயம் ஊனுனா ஏழெட்டாப் பெருகுதுங்களே, அதும் இதானுங்களா?" என்றார். எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அது. "இதேதானுங்க ஆத்தா" என்றேன். விதை வெங்காயத்தை ஊன்றிக் கிளைக்கும் வெங்காயம் எல்லாமே இந்தப் பிரிதலில் வந்தது. இங்கே பார்த்த அதே 16 குரோமோசோம், மாறாமல், ஒன்றுக்கொன்று நகலாக. அதனால்தான் போன வருடம் என்ன காரம், என்ன நிறமோ அதே இந்த வருடமும். ஒரு நோய்க்கு ஒன்று இளைத்தால் காடு முழுக்க இளைப்பதற்கும் அது ஒரு காரணம். அவர் உடனே, "இப்ப விதை தூவியும் நாத்து விடறாங்களே, அது?" என்றார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகத்தைத்தான் சொன்னார். அது பூத்து விதை பிடிக்கும் சின்ன வெங்காயம். விதை என்றால் மகரந்தமும் சூலும் வேண்டும், அவை உருவாக 16 பாதியாகி 8 ஆக வேண்டும். அந்த வேலையை வேர்நுனி செய்யாது. அது நடப்பது பூமொட்டுக்குள். பெயர் மியாசிஸ், வழியும் வேறு.

அந்த ஆத்தாவே பேரனிடம் தோட்டத்துப் பூத்தண்டு சிலதைக் கொடுத்தனுப்பினார். மகரந்தப்பை மஞ்சளாவதற்கு முன்னால், பச்சையாக இருக்கும் மிகச் சின்ன மொட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, அதே மூன்றுக்கு ஒன்று கரைசலில் போட்டு, பிறகு ஆல்கஹாலுக்கு மாற்றி வைத்திருக்கிறோம். மகரந்தப்பையை நசுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவையில்லை, அசிட்டோகார்மைன் சொட்டிலேயே பிளந்துவிடும். வேர்நுனி ஸ்லைடுகளில் நல்லதாக வந்தவற்றின் ஓரத்தை நெயில் பாலிஷ் பூசி அடைத்துவிட்டோம். சில வாரம் தாங்கும். மொட்டு ஸ்லைடு போடும்போது 16 உள்ள செல்லையும் 8 உள்ள செல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்ட அவை வேண்டும்.